சிட்டிசன்ஷிப் இல்லாவிட்டாலும் வோட்டு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லண்டன் ஹரோவில் எங்கள் தெருவில் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் இருக்கிறார். இங்கே விசா கிடைத்துப் பல வருடங்கள். மாதம் தவறாமல் கவுன்சில் டாக்ஸ் (உள்ளூராட்சி சபை வரி) கட்டுகிறவர். போன கிழமை தன் வீட்டுக் கதவுக்குள் போட்டிருந்த தேர்தல் நோட்டீசை என்னிடம் நீட்டி, "தங்கச்சி, இது உங்களுக்குத்தான் உதவும். எனக்கு இன்னும் சிட்டிசன்ஷிப் கிடைக்கேல்லை" என்றார். எனக்கு மனம் பொறுக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

இலங்கையும் இந்தியாவும் பொதுநலவாய நாடுகள். அந்த நாட்டுக் குடிமக்கள் 18 வயது நிரம்பி, செல்லுபடியாகும் விசாவோடு இங்கே வசித்தால் வாக்களிக்கலாம். படிக்க வந்த பிள்ளைகளுக்கும் வேலைக்கு வந்தவர்களுக்கும் கூட இந்த உரிமை உண்டு. கவுன்சில் தேர்தலுக்கு மட்டுமல்ல, நாடாளுமன்றத் தேர்தலுக்கும்தான். ஆனால் பெயரைப் பதிந்திருக்க வேண்டும். 2026 மே 7 கவுன்சில் தேர்தலுக்கு ஏப்ரல் 20தான் கடைசி நாள். நஷனல் இன்சூரன்ஸ் நம்பர் (வேலை, வரிக்கு இங்கே தரும் தேசிய காப்புறுதி எண்) கையில் இருந்தால் போனில் ஆன்லைனிலேயே சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2022 தேர்தலுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பள்ளிக்கூட மண்டபம், நூலில் கட்டிய பென்சில், முழ நீளத்துக்கு வாக்குச்சீட்டு. அம்மா ஒரே ஒரு புள்ளடி (X) போட்டுவிட்டு வந்தார். வெளியே வந்த பிறகு கேட்டால், "ஒருத்தருக்குத்தானே போடவேணும்?" என்கிறார். எங்கள் வட்டாரத்துக்கு மூன்று கவுன்சிலர்கள். மூன்று புள்ளடி போடலாம். சில வட்டாரங்களில் இரண்டு. எத்தனை என்று சீட்டின் மேலேயே எழுதியிருக்கும். அதற்கு மேல் போட்டால் செல்லாது. அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லாமல் விட்டது என் பிழை. எத்தனை வீடுகளில் இப்படி இரண்டு வாக்குகள் வீணாகப் போயிருக்குமோ!

ஹரோ கவுன்சிலில் மொத்தம் 55 ஆசனங்கள். 2022இல் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 31, லேபர் கட்சிக்கு 24. நாலு ஆசனங்கள் கை மாறியிருந்தால் சபையே மாறியிருக்கும். குப்பை எடுப்பது, பார்க்கிங், நூலகம், வயதானவர்களுக்கு வீட்டுக்கு வரும் பராமரிப்பு எல்லாம் அந்தச் சபையில்தான் முடிவாகிறது. யாருக்குப் போடுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. போடுங்கள், அவ்வளவுதான்.

அப்புறம் அடையாள அட்டை. 2022இல் லண்டனில் கவுன்சில் தேர்தலுக்கு இது தேவைப்படவில்லை. இந்த முறை படம் உள்ள அட்டை கட்டாயம். இலங்கை, இந்திய பாஸ்போர்ட்டும் ஏற்பார்கள். வயதானவர்களின் 60 பிளஸ் ஆய்ஸ்டர் கார்டும் (லண்டன் பஸ், ரயில் பயண அட்டை) சரி. பிள்ளைகளின் ஆய்ஸ்டர் கார்டு சரிவராது. அகதியாக வந்து பாஸ்போர்ட்டே இல்லாதவர்கள், வேறு அட்டையும் கையில் இல்லை என்றால், வாக்காளர் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. ஏப்ரல் 28 மாலை 5 மணிக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும்.

அண்ணையை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் இருந்து பதிந்து கொடுக்கப்போகிறேன். கோயிலிலும் தமிழ்ப் பள்ளியிலும் இதை அறிவித்தால் இன்னும் பலருக்குப் போய்ச் சேரும். உங்கள் பத்திரிகையும் ஏப்ரல் 20க்கு முன் ஒருமுறை பெரிய எழுத்தில் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஹரோ வாசகி