விமானத்தின் விலை சொன்னீர்கள், நிறுத்த இடம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பில் இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானங்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. படமெல்லாம் நன்றாக இருந்தது. நல்ல கார் ஒன்று வாங்கும் காசில் பழைய விமானம் ஒன்று வாங்கிவிடலாம், டிரைவிங் லைசென்ஸ் இருந்தால் போதும், ராத்திரி வீட்டு கார் ஷெட்டில் விட்டுக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தீர்கள். வேறு நாளாக இருந்தால் படித்துச் சிரித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்திருப்பேன். ஆனால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கள் தெருவில் பாலிடெக்னிக் படிக்கிற பையன் ஒருவன் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு வந்து, "மாமா, நீங்க அமெரிக்காவுல ஓட்டினது இதுதானே? பாட்டா எனக்கு எழுதி வச்ச 12 சென்ட்ட வித்தா ஒண்ணு வாங்கிரலாமா?" என்று கேட்டான். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்காரன். ஃப்ளோரிடாவில் மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தேன். அங்கே நாலு பேர் சேர்ந்து, சீட்டுப் போடுகிற மாதிரி ஆளுக்குக் கால் பங்கு என்று லைட் ஸ்போர்ட் விமானம் ஒன்றை வாங்கி ஏழு வருஷம் வைத்திருந்தோம். அதனால் இந்த விஷயத்தில் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன். சுருக்கமாகச் சொன்னால் உங்கள் கட்டுரை தப்பான கேள்வியிலிருந்து தொடங்குகிறது. விமானம் என்ன விலை என்பது கடைசியாகக் கேட்க வேண்டியது. எங்கே நிறுத்துவாய், யார் பார்ப்பார்கள், என்ன ஊற்றுவாய், இது மூன்றுக்கும் பதில் இருந்தால்தான் விலையே பேச வேண்டும்.

டிரைவிங் லைசென்ஸ் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். அது அமெரிக்க விதி, அதுவும் பாதிதான். 2004-இல் அங்கே லைட் ஸ்போர்ட் என்கிற இந்த வகையைக் கொண்டுவந்தபோது, இரண்டு இருக்கை, ஒரே எஞ்சின், மொத்த எடை 600 கிலோவுக்குள், கிடைமட்ட வேகம் 120 நாட் (மணிக்குச் சுமார் 222 கிலோமீட்டர்) வரை, இறக்கை தூக்குவதை நிறுத்துகிற ஸ்டால் வேகம் 45 நாட் வரை என்றெல்லாம் வரையறை வைத்தார்கள். 2025-இல் அதைத் தளர்த்தி, எடையை விட்டுவிட்டு ஸ்டால் வேகத்தை முக்கிய அளவாக்கினார்கள். இதை ஓட்டுகிற ஸ்போர்ட் பைலட்டுக்குத் தனி மருத்துவச் சான்று வேண்டாம், கார் லைசென்ஸ் அந்த இடத்தில் செல்லும். ஆனால் பைலட் சான்று வேண்டும், அதற்குக் குறைந்தது 20 மணி நேரம் பறந்து, எழுதி, பரீட்சகர் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிக் காட்ட வேண்டும். இங்கே இந்தியாவில், விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துகிற டிஜிசிஏ தரும் உரிமமும் மருத்துவப் பரிசோதனையும் இல்லாமல் முடியாது. பிபிஎல் என்கிற தனியார் பைலட் உரிமம் எடுப்பதென்றால் 17 வயது ஆகியிருக்க வேண்டும், குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அவ்வளவுதான், இதில் வாதம் இல்லை.

அப்புறம் கார் ஷெட். இந்த விமானங்களின் இறக்கை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஒன்பது பத்து மீட்டர் இருக்கும். மடக்குகிற இறக்கை உள்ளவையும் உண்டு, சரி, மடக்கிவிட்டாலும் இரணியல் ரோட்டில் எதிரே வருகிற பஸ்ஸுக்கு எந்தப் பக்கம் ஒதுங்குவது? ஒதுங்கி எங்கே போவது? நம் மாவட்டத்தில் விமான நிலையமே கிடையாது. கிட்டத்தில் என்றால் திருவனந்தபுரம், தூத்துக்குடி. பெரிய விமானங்கள் வந்து போகிற இடத்தில் தனி ஆளுக்கு ஹாங்கர் (விமானக் கொட்டகை) கேட்டுப் பாருங்கள். சரி, சொந்தமாக நிலம் வாங்கி ஓடுதளம் போடலாம் என்பார்கள். வடக்கே போனால் மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின் சோதிக்கிறார்கள், கிழக்கே கூடங்குளம் அணு உலை, மேற்கே கொஞ்சம் தள்ளிப் போனால் தும்பா ராக்கெட் ஏவுதளம். இவற்றுக்கு மேலே நினைத்த பக்கம் திரும்ப இது கடலில் போகிற வள்ளம் இல்லை.

நிறுத்துவதை நான் இவ்வளவு பெரிதுபடுத்தக் காரணம் உப்பு. ஃப்ளோரிடாவும் நம் குளச்சல், முட்டம் மாதிரிதான், காற்றிலேயே உப்பு இருக்கும். விமானத்தின் உடம்பு ஃபைபர், அது துருப்பிடிக்காது என்று விற்கிறவர் சொல்வார், உண்மைதான். ஆனால் கட்டுப்பாட்டுக் கம்பி, கீல், போல்ட், ஒயர் முனை எல்லாம் உலோகம். வெளியே கட்டிப்போட்டால் உப்பு அதன் வேலையைக் காட்டும். நாங்கள் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, கீல்களுக்கு எண்ணெய் விட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். குளச்சலில் கரைக்கு வந்ததும் அவுட்போர்டு மோட்டாருக்குள் நல்ல தண்ணீர் ஓடவிடுகிற ஆளிடம் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்.

உப்பு மட்டுமா, குளவியும் உண்டு. மூன்றாவது வருஷம் என்று நினைக்கிறேன். வேகத்தை அளக்க இறக்கைக்குக் கீழே பிடோ குழாய் என்று ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், பென்சில் கனத்தில் ஓட்டை. பறந்து வந்ததும் அதற்கு ஒரு சின்ன உறை போட வேண்டும். அது என் முறை, நான் மறந்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை புறப்பாட்டுக்கு முன் எல்லாம் பார்த்தோம், அந்த ஓட்டையைத் தவிர. பங்காளியில் ஒருவர் மலையாளி, அவர்தான் அன்று பக்கத்து இருக்கை. எஞ்சின் நன்றாகப் பிடிக்கிறது, ஓடுதளம் பின்னால் ஓடுகிறது, வேகமானியின் முள் மட்டும் பூஜ்யத்தில் படுத்துக்கிடக்கிறது. "சேட்டா, ஸ்பீடு இல்லா" என்றார். எரிபொருளைக் குறைத்து, பிரேக் பிடித்து, பாதி ஓடுதளத்தில் நின்றோம். ஹாங்கருக்குத் திரும்பிக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு விரல்கடை நீளத்துக்குக் காய்ந்த சேறு, குளவி அழகாகப் பூசி வைத்திருந்தது. மேலே ஏறிய பிறகு கவனித்திருந்தால் எவ்வளவு வேகத்தில் இறங்குகிறோம் என்று தெரியாமலே இறங்க வேண்டியிருந்திருக்கும்.

எஞ்சினுக்கு வருகிறேன். இந்த வகையில் நிறைய விமானங்களில் இருப்பது ரோடாக்ஸ் 912. நாலு சிலிண்டர், 80 அல்லது 100 குதிரைசக்தி. பெங்களூரில் என்ஏஎல் என்கிற அரசு ஆய்வகம் உருவாக்கிய நம் ஹன்சா விமானத்திலும் ரோடாக்ஸ்தான். அருமையான எஞ்சின், ஆனால் ஸ்கூட்டர் மாதிரி உதைத்துக் கிளப்புகிற ஜாதி இல்லை. எண்ணெய் எஞ்சினுக்கு அடியில் தங்காமல் தனித் தொட்டியில் இருக்கும். அதனால் காலையில் அளவு பார்க்க வேண்டுமென்றால் சுவிட்சுகள் எல்லாம் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ப்ரொபெல்லரை அது சுற்றும் திசையிலேயே கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும், தொட்டிக்குள் களுக் களுக்கென்று சத்தம் கேட்கிற வரைக்கும். அப்புறம்தான் டிப்ஸ்டிக் சொல்வது உண்மை. எண்ணெய் மாற்றும்போது பழைய ஃபில்டரைத் தூக்கி எறியக் கூடாது, வெட்டிப் பிரித்து, மடிப்பு மடிப்பாக வெளிச்சத்தில் பிடித்து இரும்புத்தூள் மினுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். எனக்கு இந்த வேலை பறப்பதைவிடப் பிடிக்கும், வீட்டில் திட்டு வாங்கியிருக்கிறேன். ரப்பர் குழாய்களை 5 வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். எஞ்சினை 2000 மணி நேரத்தில் அல்லது 15 வருஷத்தில், எது முதலில் வருகிறதோ அப்போது முழுசாகப் பிரிக்க வேண்டும். நீங்கள் பறந்தாலும் பறக்காவிட்டாலும் காலண்டர் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதைக் கவனியுங்கள். ஹாங்கர் வாடகை, இன்சூரன்ஸ், வருஷத்துக்கு ஒரு முறை சான்று பெற்ற மெக்கானிக் செய்கிற சோதனை, இதெல்லாமும் அப்படியே. மழைக்காலம் முழுக்க மூடி வைத்தாலும் பில் வரும்.

பெட்ரோல் விஷயத்துக்குக் கட்டுரையில் ஒரே ஒரு வரிதான். சாதாரண பங்க் பெட்ரோலிலேயே ஓடும் என்று மட்டும் போட்டிருந்தீர்கள். ஓடும், ஆனால் அந்த எஞ்சினுக்கு அனுமதித்திருக்கும் எத்தனால் 10 சதவீதம் வரைதான். நம் பெட்ரோல் பங்க்குகளில் இப்போது வருவது 20 சதவீதம் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நமக்கோ தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு மழை. டேங்கில் கிடக்கிற பெட்ரோல் ஒரு அளவுக்கு மேல் தண்ணீர் குடித்துவிட்டால் எத்தனாலும் தண்ணீருமாகப் பிரிந்து அடியில் போய் உட்காரும், எஞ்சினுக்கு முதலில் போவது அதுதான். சந்தேகம் இருந்தால் ஒரு கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு மட்டத்தில் கோடு போட்டு, மேலே பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி வைத்துப் பாருங்கள். தண்ணீர் மட்டம் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால் எத்தனால் இருக்கிறது. விமான நிலையத்தில் விற்கும் ஏவ்கேஸ் என்கிற விமானப் பெட்ரோலை ஊற்றலாமே என்றால், அதில் ஈயம் உண்டு, எஞ்சினுக்குள் படியும், 100 மணி நேரத்தில் மாற்ற வேண்டிய எண்ணெயை 50-லேயே மாற்ற வேண்டிவரும். மணிக்கு 18, 20 லிட்டர் குடிக்கிற வண்டிக்கு அதைக் கேனில் எங்கிருந்து கொண்டுவருவது?

நம் ஊர்க் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் அது வருகிற வேகத்தை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்கிறது. 45 நாட் என்பது மணிக்குச் சுமார் 83 கிலோமீட்டர். அந்த வேகத்திலேயே மிதக்கத் தெரிந்த ஒரு பொருளைப் பலத்த காற்றில் வெளியே நிறுத்தினால், கயிற்றை அறுத்துக்கொண்டு அதுவே கிளம்பப் பார்க்கும். ஓட்டுகிறவர் கண் எப்போதும் கீழே ஒரு வெறும் நிலத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும், எஞ்சின் நின்றால் இறங்க. நின்றால் கல் மாதிரி விழாது, அந்தப் பயம் வேண்டாம், 3000 அடியில் இருந்தால் கிட்டத்தட்ட 9 கிலோமீட்டர் சறுக்கிப் போகலாம். ஆனால் எங்கே போவது? மேற்கே ரப்பர், கீழே தென்னை, இடையில் வீடு, மிச்சம் குளம். கும்பப்பூ நெல் அறுத்து முடித்த நாஞ்சில் நாட்டு வயல் காய்ந்து கிடக்கிற கொஞ்ச நாள் மட்டும் பரவாயில்லை.

ஒக்கி மாதிரிப் புயலில் மீனவர்களைத் தேட இந்த விமானங்கள் உதவும் என்று முடித்திருந்தீர்கள். நல்ல மனதோடு எழுதியது என்று தெரிகிறது. 2017 நவம்பர் 30-ஐ இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை, அதனால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒற்றை எஞ்சின், சறுக்கினால் 9 கிலோமீட்டர். நம் ஆட்கள் போயிருந்தது அதற்கெல்லாம் எவ்வளவோ தாண்டி ஆழ்கடலுக்கு. அந்தக் காற்றில் இதை எடுத்துக்கொண்டு போகிறவனையும் சேர்த்துத் தேட வேண்டிவரும். அதற்குக் கடற்படையும் கடலோரக் காவல்படையும் வைத்திருக்கிற விமானங்கள்தான் வேண்டும், சீக்கிரம் புறப்பட வேண்டும், அதைக் கேட்டு எழுதுங்கள்.

பறப்பது வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் போக 30 கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் எடுக்கிற ஊரில் இந்த ஆசை வராவிட்டால்தான் அதிசயம். காலை ஆறரைக்குக் காற்று எழும்புவதற்கு முன் ஆயிரம் அடியில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கடற்கரையோரமாகப் போகிற சுகத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் மிச்ச நாளெல்லாம் துணியும் ஸ்பானருமாகக் கிடந்தோம்.

அந்தப் பையனிடம் பறந்த கணக்கு நோட்டையும் பராமரிப்பு நோட்டையும் எடுத்துக் காட்டினேன். இரண்டாவதுதான் தடிமன். முதலில் ஒரு பயிற்சிப் பள்ளியில் அரை மணி நேரம் பயிற்சியாளரோடு பறந்து பார், குமட்டல் வராவிட்டால் மேலே யோசி என்றேன். மெஷின் வேலை பிடித்திருந்தால் விமானப் பராமரிப்பு எஞ்சினியர் உரிமத்துக்குப் படிக்கலாம், அதுவும் டிஜிசிஏ தருவதுதான், அதற்கு நிலம் விற்க வேண்டாம் என்றும் சொன்னேன். சாயா குடித்துக்கொண்டே குளவிக் கதையை மட்டும் இரண்டு தடவை கேட்டான். டிரைவிங் லைசென்ஸும் பங்க் பெட்ரோலும் பற்றி வந்த வரிகளுக்கு மட்டுமாவது அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் போடுங்கள். 12 சென்ட் இப்போதைக்கு விலைக்கு இல்லை.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாசகன்,
தக்கலை.