உன் லூப் ஏன் நடுங்குகிறது

அன்புள்ள நண்பா,

கடிதமும் ஸ்கோப் படங்களும் வந்து சேர்ந்தன. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், அவளிடம் சொல்லிவிடு. இங்கே எல்லோரும் நலம். மாடியில் ஆன்டெனாவை மறுபடி ஏற்றிவிட்டேன்.

சரி, உன் பி.எல்.எல்., அதாவது ஒரு நிலையான சிக்னலோடு ஒப்பிட்டுத் தன் அலைவரிசையைத் திருத்திக்கொள்ளும் அந்த லூப், அதன் விஷயத்துக்கு வருகிறேன். 145 மெகாஹெர்ட்ஸில் 25 கிலோஹெர்ட்ஸ் சேனல் மாற்றினால் லாக் ஆக (புது அலைவரிசையில் நிலைக்க) 8 மில்லிசெகண்ட் ஆகிறது, வேகம் வேண்டுமென்று லூப் பேண்ட்விட்த்தை, அதாவது லூப் திருத்தும் வேகத்தை, 2.5-லிருந்து 6 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றினேன், உடனே நடுங்க ஆரம்பித்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். நடுங்கத்தான் செய்யும். உன் ஃபேஸ் டிடெக்டர் 40 மைக்ரோசெகண்டுக்கு ஒரு முறைதான் இரண்டு சிக்னலையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது, நடுவில் என்ன நடந்தாலும் அதற்குத் தெரியாது. லூப் நடுங்காமல் இருக்கக் கையிருப்பாக உள்ள ஃபேஸ் மார்ஜினை அந்தத் தாமதம் தின்றுவிடும். ஒப்பிடும் அலைவரிசையில் (உனக்கு 25 கிலோஹெர்ட்ஸ்) பத்தில் ஒரு பங்கைத் தாண்டாதே என்று எல்லோரும் சொல்வது இதனால்தான், உன் பழைய 2.5 சரியான இடத்தில்தான் இருந்தது.

என்னை யோசிக்க வைத்தது அந்த 8 மில்லிசெகண்ட்தான். ஃபேஸ் மார்ஜின் 50 டிகிரி அளவில் இருந்தால் லாக் நேரம் சுமாராக பேண்ட்விட்த்தால் நான்கை வகுத்தால் வருவது, அதாவது உனக்கு 1.6 மில்லிசெகண்ட் வர வேண்டும். மீதி நேரம் எங்கே போகிறது? உன் முதல் படத்தை நன்றாகப் பார், அலைவரிசையை நகர்த்தும் டியூனிங் வோல்டேஜ் இரண்டு மில்லிசெகண்டுக்குள் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது, அப்புறம் ஒரு வால் மாதிரி மெல்ல மெல்ல ஊர்ந்துகொண்டே போகிறது. அலை அடித்து அடங்கவில்லை, ஊர்கிறது. இதே வாலோடு நான் போன வருடம் மூன்று வாரம் போராடினேன். ரெசிஸ்டரை மாற்றினேன், டிடெக்டர் சொல்கிறபடி ஃபில்டருக்குள் கரன்ட் ஊற்றும் சார்ஜ் பம்பின் கரன்ட்டை மாற்றினேன், எதற்கும் அசையவில்லை. கடைசியில் பார்த்தால் லூப் ஃபில்டரில் இருந்த பெரிய கெபாசிட்டர், கைக்குக் கிடைத்த எக்ஸ்7ஆர் என்ற வகை செராமிக். வோல்டேஜ் மாறியதும் அந்த செராமிக் முழுதாக அடங்கிவிடுவதில்லை, கொஞ்சம் சார்ஜை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு பிறகு மெதுவாக விடுகிறது, லூப் அதன் பின்னாலேயே ஓட வேண்டியிருக்கிறது. பாலிப்ரொப்பிலீன் போட்டேன், சின்ன மதிப்புகளுக்கு சி0ஜி என்ற நிலையான வகை செராமிக். வால் போயே போய்விட்டது! இன்னொன்றும் போனது: முன்பு போர்டைப் பென்சிலால் தட்டினால் ரிசீவரில் டங்கென்று கேட்கும், எக்ஸ்7ஆர் அதிர்வையே வோல்டேஜாக மாற்றிவிடும். கணக்குப் போட்டு வாங்கும் ரெசிஸ்டரைவிட இந்த ஒரு கெபாசிட்டரின் வகைதான் பெரிய விஷயம் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

25 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இரண்டு பக்கமும் ஸ்பர், அதாவது வேண்டாத சின்னச் சிக்னல், தெரிகிறது என்றாயே, அப்போது ஸ்கோப் ப்ரோபை டியூனிங் லைனிலேயே வைத்திருந்தாயா? 10 மெகாஓம் ப்ரோப், 3 வோல்ட் என்றால் 0.3 மைக்ரோஆம்ப் ஒழுகுகிறது. அதை ஈடுகட்ட சார்ஜ் பம்ப் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சொட்டு ஊற்ற வேண்டும், அதுதான் ஸ்பர். எஃப்.இ.டி. இன்புட் உள்ள ஆப்-ஆம்ப் ஒன்றைப் பஃபராகப் போட்டு அதன் வழியாகப் பார்.

இதற்கு மேலும் வேகம் வேண்டுமென்றால் ஒப்பிடும் அலைவரிசையையே உயர்த்த வேண்டும், பின்ன எண்ணாலும் வகுக்கும் ஃப்ராக்ஷனல்-என் சிப்புக்குப் போய் 10 மெகாஹெர்ட்ஸில் ஒப்பிடு. 145-ஐ ஒப்பிடும் அலைவரிசைக்கு இறக்கும் டிவைடர் எண் 5800-லிருந்து 14.5-க்கு இறங்கும், டிடெக்டரின் சொந்த இரைச்சல் கூடுவதைக் கழித்தாலும் லூப்புக்குள் சுமார் 26 டெசிபல் லாபம். ஆனால் அங்கே வேறு தொல்லை இருக்கிறது. பேண்ட்விட்த் சில கிலோஹெர்ட்ஸாகவே இருந்தால், பெரிய தாவலில் லூப் திருத்துவதற்குள் ஃபேஸ் பிழை ஒரு முழுச் சுற்றைத் தாண்டிவிடும், சைக்கிள் ஸ்லிப், அப்போது லாக் இன்னும் இழுக்கும். அங்கேதான் ஃபாஸ்ட்லாக் கைகொடுக்கிறது: தாவும்போது மட்டும் சார்ஜ் பம்ப் கரன்ட்டை 16 மடங்காக்கி, டேம்பிங் ரெசிஸ்டரைக் கால் பங்காக்கினால் பேண்ட்விட்த் 4 மடங்காகும், ஃபேஸ் மார்ஜின் குலையாது. உன் 25 கிலோஹெர்ட்ஸில் இதைச் செய்யாதே, 10 கிலோஹெர்ட்ஸ் பேண்ட்விட்த் அங்கே நிற்காது.

வாராக்டர் (வோல்டேஜால் கெபாசிட்டன்ஸ் மாறும் டயோடு) குறைந்த வோல்டேஜில் அதிகம் ஆடும் என்பதால் 144 மெகாஹெர்ட்ஸில் உன் வி.சி.ஓ.வின் (வோல்டேஜால் அலைவரிசை மாறும் ஆசிலேட்டரின்) கெயின் 146-ஐவிடக் கூடுதலாக இருக்கும். நிலையாக இருக்கிறதா என்று நடுவில் மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடாதே, இரண்டு ஓரத்திலும் பார்.

கல்லூரி லேபில் 4046 என்ற பி.எல்.எல். சிப்பின் எக்ஸ்-ஆர் கம்பேரேட்டர் ஹார்மோனிக்கில் (மடங்கு அலைவரிசையில்) போய் லாக் ஆகி நிற்க, நாம் இருவரும் சாப்பாட்டு மணியைக் கூடக் கவனிக்காமல் உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறதா? உன் படங்களைப் பார்த்ததும் அந்த மத்தியானம்தான் நினைவுக்கு வந்தது.

பாலிப்ரொப்பிலீன் கெபாசிட்டர் என்னிடம் நிறைய இருக்கிறது, நாளை ஆறு தபாலில் போடுகிறேன். பேண்ட்விட்த்தை மறுபடி 2.5-க்கு இறக்கி, வேறு எதையும் தொடாமல் அதை மட்டும் மாற்றி ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய லேப் கூட்டாளி