வரிசையைத் தாண்டிப் போனால் கதை போச்சு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் சுற்றுலா இணைப்பிதழில், சினிமாப் படங்களை வைத்துக் கட்டிய தீம் பார்க் ரைடுகளைத் தரவரிசைப்படுத்தி ஒரு கட்டுரை வந்திருந்தது. எது வேகம், எது உயரம், எதில் திரை பெரியது என்று மூன்றே அளவுகோல்கள். வரிசையில் நிற்பது வீண், காசு கூடக் கொடுத்து விரைவு டிக்கெட் வாங்கிவிடுங்கள் என்று கடைசியில் ஒரு யோசனை வேறு. ரோலர் கோஸ்டருக்கு இதெல்லாம் சரி. சினிமா ரைடுக்குப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது வேறு: இந்தக் கதையில் நான் யார்?

இதில் 1955-லேயே அடிபட்டவர்கள் டிஸ்னிக்காரர்கள். கலிஃபோர்னியாவில் டிஸ்னிலாண்ட் திறந்தபோது இருந்த ஸ்னோ வைட் ரைடில் ஸ்னோ வைட் பொம்மையே கிடையாது. வண்டியில் உட்கார்ந்திருப்பவர்தான் ஸ்னோ வைட். சூனியக்காரி பயமுறுத்துவது அவரைத்தான். கட்டியவர்களுக்கு இது புரிந்திருந்தது, சவாரி போனவர்களுக்குப் புரியவில்லை. வெளியே வந்து ஸ்னோ வைட் எங்கே என்று தேடினார்கள். பீட்டர் பேன் ரைடிலும் இதே சங்கதி. 1983-ல் புதுப்பித்தபோது இரண்டிலும் பொம்மையை வைத்து விவகாரத்தை முடித்தார்கள். நீ இன்னார் என்று யாராவது சொல்லாமல் யாரும் இன்னொருவராக மாறிவிடுவதில்லை.

அதைச் சொல்லும் இடம்தான் வரிசை. கூத்தில் கட்டியங்காரன் முதலில் வந்து எந்த நாடு, எந்த ராஜா, என்ன சங்கதி என்று சொன்ன பிறகுதான் ராஜா திரையை விலக்கிக்கொண்டு வருவார். கட்டியத்தைக் கேட்காமல் பாதியில் வந்து உட்கார்ந்தவருக்கு ஆட்டம் தெரியும், கதை பிடிபடாது. பூமியில் தவறிச் சிக்கிய வேற்றுக்கிரக ஜீவனைப் பற்றிய படம் ஈ.டி. ஆர்லாண்டோ யுனிவர்சலில் 1990-ல் திறந்த அதன் ரைடைப் பாருங்கள். நுழையும்போது ஊழியர் உங்கள் பெயரைக் கேட்டுக் கணினியில் பதிந்து ஓர் அட்டை தருவார். அடுத்து பைன் மர வாசனை வீசும் இருட்டுக் காடு. வரிசை வளைந்து போவது அதற்குள்தான். ஏறும் இடத்தில் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். பறக்கும் சைக்கிள் சவாரி முடியும் இடத்தில் ஈ.டி. உங்கள் பெயரைச் சொல்லி விடை கொடுக்கும். முன்பே பதிந்து வைத்த பெயர்களிலிருந்து எடுத்து ஒலிக்க விடுகிறார்கள், அவ்வளவுதான் வித்தை. ஆனால் அட்டை வாங்காமல் ஓடி வந்தவருக்கு அந்த இடம் ஏதோ முனகலாகத்தான் கேட்கும்.

இந்தக் கணக்கில் ஜுராசிக் பார்க்குக்கு வாய்த்தது வேறு எந்தப் படத்துக்கும் வாய்க்கவில்லை. படமே ஒரு பூங்காவைப் பற்றியது. டிக்கெட் வாங்கி உள்ளே வந்த சுற்றுலாப் பயணி என்பதுதான் கதையிலும் உங்கள் பாத்திரம், வேஷமே வேண்டாம். வாசல் வளைவு, படகு, ஊழியரின் சீருடை, பாதுகாப்பு அறிவிப்பு எல்லாமே நிஜத்துக்கும் கதைக்கும் பொது. ஹாலிவுட் யுனிவர்சலில் 1996-ல் திறந்து 2018 வரை ஓடிய படகு ரைடின் முன்பாதி வெறும் சுற்றுலாதான்: சாதுவான தாவர உண்ணிகள், இதமான இசை. பிறகு ஒரு டைனோசர் இடித்து, படகு போகக் கூடாத கால்வாய்க்குள் தள்ளப்பட்டது. சேதமான கட்டடம், அலறும் சைரன், கடைசியில் டி-ரெக்ஸின் வாய். அதன் கீழே 84 அடிச் சறுக்கல். விழுவதற்கு ஒரு காரணம் இருந்தது, தப்பிக்க வேறு வழியில்லை. இதே அளவு தண்ணீர்ச் சறுக்கு வேறெங்கு கட்டினாலும் உடை நனையும், இந்தப் பயம் வராது.

ஹாரி பாட்டருக்கு இப்படி இலவசமாக எதுவும் கிடைக்கவில்லை. 2010 ஜூனில் ஆர்லாண்டோவில் திறந்த ஃபர்பிடன் ஜர்னி, வருகிறவர்களை மந்திரம் தெரியாத சாதாரண ஆட்களாகவே வைத்துக்கொண்டது. ஹாக்வர்ட்ஸ் பள்ளி அவர்களுக்கு முதன்முறையாகக் கதவு திறக்கிறது என்பது ஏற்பாடு. வரிசை தலைமையாசிரியர் டம்பிள்டோரின் அறை வழியாகப் போகிறது. சுவர்ப் படங்கள் தங்களுக்குள் சண்டை போடுகின்றன. ஒரு வகுப்பறையில் ஹாரியின் நண்பன் ரானின் மந்திரம் தவறி உங்கள் தலைமேல் பனி பெய்கிறது. ஏறுவதற்குச் சற்று முன்னால், பாதுகாப்பு விதிகளைச் சொல்வதே பேசும் தொப்பிதான். வெளியே கோட்டையின் மேல்தளங்களைப் போகப் போகச் சிறிய அளவில் கட்டியிருப்பதால், கீழே நிற்பவருக்கு அது உள்ளதைவிட மிக உயரமாகத் தெரியும்.

உள்ளே போனால் இயந்திரம் அபாரம். கார் தொழிற்சாலைகளில் காணும் கூக்கா நிறுவனத்து ரோபோ கை ஒன்றின் நுனியில் நான்கு பேர் உட்காரும் பெஞ்சு. அந்தக் கையே தண்டவாளத்தில் நகர்கிறது. நகரும் ஆளுக்கு நிலையான திரையில் படம் காட்ட முடியாது. அதனால் கிண்ணம் போல் குழிந்த திரைகளைப் பெரிய ராட்டினத்தில் பொருத்தி, பெஞ்சின் கூடவே சுற்ற விட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு பெஞ்சுக்கும் தனித் திரை. பக்கத்து பெஞ்சு கண்ணில் படாது. ஏறுவது நகரும் பட்டையில். இதில் ஒரு சிக்கல் உண்டு: ஒருவர் ஏறத் தாமதித்துப் பட்டை நின்றால் உள்ளே இருக்கும் பெஞ்சுகளும் நிற்கும். டிமென்டர் என்ற கறுப்பு அங்கிப் பேயின் பொம்மை எதிரே ஒரு நிமிடம் தொங்க நேர்ந்தால் அதன் துணி மடிப்பையெல்லாம் எண்ணிவிடலாம். பயம் அதோடு சரி.

ஆனால் ரைடுக்குள் இருக்கும் கதை சுமார்தான். ஐந்து நிமிடத்துக்குள் டிராகன், சிலந்தி, அடிக்கும் மரம், துடைப்பத்தில் பறந்து ஆடும் குவிடிச் விளையாட்டு, டிமென்டர்கள். எது எதனால் வந்தது என்று கேட்டால் பதில் இல்லை. படங்களிலிருந்து பிரபலமான துண்டுகளைக் கோத்த மாலை. இந்த ரைடின் பெயரைக் காப்பாற்றுவது வரிசைதான். விரைவு டிக்கெட்காரர்களும் தனியாளாகப் போகும் சிங்கிள் ரைடர்களும் அதில் பல பகுதிகளைத் தவறவிட்டு, மாலையை மட்டும் பார்த்துவிட்டுத் தலைசுற்றலோடு வெளியே வருகிறார்கள். (தலைசுற்றல் உள்ளவர்களுக்கு: திரை காட்டும் அசைவும் காது உணரும் அசைவும் ஒத்துப்போகாததுதான் காரணம். சில நொடி திரையை விட்டுவிட்டு இருக்கையின் விளிம்பையோ பக்கத்தில் இருப்பவரையோ பாருங்கள். 122 சென்டிமீட்டருக்குக் குறைந்த பிள்ளைகளை ஏற்றவே மாட்டார்கள்.)

படத்தின் கதையையே முதலிலிருந்து கடைசிவரை திருப்பிச் சொல்லும் ரைடுகளும் உண்டு. இவை பெரும்பாலும் சறுக்குவதற்குக் காரணம் எழுத்தாளர் அல்ல, வண்டி. கலிஃபோர்னியாவில் 2011-ல் வந்த லிட்டில் மெர்மெய்ட் ரைடில் சிப்பி வடிவ வண்டிகள் சங்கிலி போல ஒன்றன் பின் ஒன்றாக, நிற்காமல் ஒரே வேகத்தில் போகின்றன. ஆட்களை வேகமாக ஏற்றி இறக்க இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. கதைக்கோ இதுவே எமன். ஒரு காட்சியை ஒவ்வொரு வண்டியும் வெவ்வேறு நொடியில் கடக்கும். ஆகவே அங்கே தொடக்கமும் முடிவும் உள்ள எதையும் நடத்திக்காட்ட முடியாது. ஆடிக்கொண்டே, பாடிக்கொண்டே இருக்கும் காட்சிதான் சரிப்படும். பாட்டுகள் அதில் அழகாக இருப்பதும், வில்லி அர்சுலாவின் அழிவு கண்மூடித் திறப்பதற்குள் போய்விடுவதும் இதனால்தான். டோக்கியோ டிஸ்னிலாண்டில் 2020-ல் திறந்த பியூட்டி அண்ட் தி பீஸ்ட் ரைடு அதே வேலையை எடுத்துக்கொண்டு ஜெயித்தது. அங்கே தண்டவாளம் கிடையாது. கோப்பை வடிவ வண்டிகள் ஒரு கூட்டமாக அறைக்குள் வந்து, தங்கி, காட்சி முடிந்ததும் சேர்ந்து கிளம்புகின்றன. ஒரு மாற்றம் நடப்பதை முழுசாகப் பார்க்க நேரம் கிடைக்கிறது. விருந்து அறையில் வண்டிகளே இசைக்கு ஆடுகின்றன. ஏறத்தாழ எட்டு நிமிடம்.

கதையே இல்லாமல் நிற்பதும் முடியும். பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன் ரைடு டிஸ்னிலாண்டில் 1967-ல் வந்தது, படம் 2003-ல்தான். முதலில் குகையில் எலும்புக்கூடுகள், அப்புறம் உயிரோடு இருக்கும் கொள்ளையர்கள்: வரிசைக்கிரமம்கூடத் தலைகீழ். கைதிகள் சிறைக்கம்பிக்குள் இருந்து எலும்பைக் காட்டி, சாவியைக் கவ்விய நாயைக் கூப்பிடும் காட்சியில் நாய் இத்தனை வருடமாக இடத்தை விட்டு நகரவில்லை. யாருக்கும் அது குறையாகப் படவில்லை, ஏனென்றால் அது சம்பவம் அல்ல, நிலைமை. 2006-ல் படத்திலிருந்து அதன் நாயகன் ஜாக் ஸ்பாரோவைக் கொண்டுவந்து நுழைத்தார்கள். பழைய ரசிகர்களில் சிலர் இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போதைக்கு, ரைடுக்குள் நுழைகிறவருக்கு ஒரு பாத்திரத்தைக் கொடுத்து அதை விடாமல் காப்பாற்றுவதில் முன்னால் நிற்பது ஸ்டார் வார்ஸ்: ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ் என்பது என் கருத்து. 2019 டிசம்பரில் ஃபுளோரிடாவிலும் அடுத்த மாதம் கலிஃபோர்னியாவிலும் திறந்தது. நீங்கள் புரட்சிப் படையில் புதிதாகச் சேர்ந்தவர். நின்றபடி ஒரு விண்கலத்தில் ஏறுகிறீர்கள். வழியில் எதிரியின் கப்பல் இழுத்துக்கொள்கிறது. ஏறிய கதவே திரும்பத் திறக்கும்போது வெளியே வேறு உலகம்: ஸ்டார்ம்ட்ரூப்பர்கள் எனப்படும் வெள்ளைக் கவச எதிரி வீரர்கள் ஐம்பது பேர் அணிவகுத்து நிற்கும் பிரம்மாண்டமான கூடம். நீங்கள் ஆடிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தக் கூண்டு முழுவதும் திரும்பியிருக்கிறது. ஆட்டத்தில் அது யாருக்கும் தெரிவதில்லை. அதைவிட முக்கியமான வேலையைச் செய்கிறவர்கள் அங்கே நிற்கும் ஊழியர்கள். கறுப்புச் சீருடையில் சிரிக்காமல், வரிசையில் நில், பேசாதே என்று அதட்டுவார்கள். கூட்டத்தை நகர்த்த எந்தப் பூங்காவிலும் சொல்ல வேண்டிய வார்த்தைகள்தான். இங்கே கைதியிடம் சொல்லும் வசனமாகிவிடுகின்றன. வரிசை எங்கே முடிந்தது, ரைடு எங்கே தொடங்கியது என்று கோடு போட முடியாது. எல்லாம் சேர்த்துச் சுமார் 18 நிமிடம்.

இதற்கு விலையும் உண்டு. ஆடும் கூண்டு, தண்டவாளமில்லாத வண்டி, வண்டியோடு கீழே விழும் லிஃப்ட் என்று பல இயந்திரங்கள் சங்கிலியாகக் கோக்கப்பட்டவை. ஒன்று படுத்தால் எல்லாம் நிற்கும். சின்னக் கோளாறென்றால் அந்த விளைவை மட்டும் அணைத்துவிட்டு ஓட்டுவார்கள். நீங்கள் போன அன்று ஒரு பீரங்கி அசையவில்லை என்றால் அது வடிவமைப்பின் குறையாக இருக்காது.

அதே வளாகத்தில், ஸ்டார் வார்ஸ் படத்து விண்கலத்தின் பெயரில் உள்ள மில்லேனியம் ஃபால்கன் ரைடு, ஆறு பேருக்கும் வேலையே பிரித்துக் கொடுக்கிறது: இரண்டு விமானிகள், இரண்டு துப்பாக்கிக்காரர்கள், இரண்டு பொறியாளர்கள். கேட்க நன்றாக இருக்கிறது. இடது விமானிக்கு இடம் வலம், வலது விமானிக்கு மேல் கீழ். ஒருவர் ஏறச் சொல்ல இன்னொருவர் திரும்ப, கப்பல் மோதிக்கொண்டே போகும். பின்னால் இருக்கும் பொறியாளர்களின் பொத்தான்களோ பக்கச் சுவரில் இருக்கின்றன. விளக்கு எரியும்போது அமுக்க வேண்டும் என்று அவர்கள் சுவரையே பார்த்துக்கொண்டிருக்க, முன் கண்ணாடியில் விண்வெளி போய்விடுகிறது. வேலை கொடுத்தால் போதாது. அது பார்க்க வேண்டிய பக்கத்தில் இருக்க வேண்டும். தெரிவு கிடைத்தால் விமானி இருக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

நம் வாசகர்களில் பலர் போவது சிங்கப்பூர் யுனிவர்சலுக்கு. அங்கே உள்ள டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடு, அமெரிக்காவுக்கு முன்பாகவே 2011 டிசம்பரில் திறந்தது. இதில் உங்களைச் சுமக்கும் வண்டியே ஒரு ரோபோ பாத்திரம், பெயர் ஈவாக். வண்டி குலுங்கினால் அடிபடுகிறது என்று பொருள், பின்வாங்கினால் தப்புகிறது என்று பொருள். வரிசையில் உள்ள திரைகள் இதைச் சொல்லிவிடுகின்றன. பார்க்காமல் ஏறினால் குலுக்கல் மட்டும் மிஞ்சும். ஒரு வண்டியில் வரிசைக்கு நான்காகப் 12 பேர். நகரும் வண்டிக்கு ஏற்றாற்போல் திரைப்படத்தின் கோணத்தை ஒரு புள்ளியிலிருந்து கணக்கிட்டிருப்பதால், முன்வரிசையின் நடு இருக்கைகளில் காட்சி நேராக நிற்கும், ஓரத்தில் கட்டடங்கள் கொஞ்சம் சாய்ந்து தெரியும். ஏறுமுன் 3டி கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

மம்மி ரைடும் அங்கே உண்டு. ஆர்லாண்டோவில் 2004-ல் வந்த மம்மியில் ஒரு குறும்பு இருக்கிறது: ரயில் வேகம் குறைந்து, இறங்கும் மேடை போலவே ஒரு மேடையில் வந்து நிற்கும். கண்ணாடி அறைக்குள் ஊழியர் விடை சொல்வார். கம்பியைத் தூக்கலாம் என்று கை போகும்போது கூரை முழுக்கத் தீ பரவி, ரயில் மறுபடி பாயும். நிஜமான இறங்கும் மேடையைச் சிலர் அதற்குப் பிறகு நம்புவதில்லை. சிங்கப்பூரில் கதை வேறு, கல்லறைத் தோண்டலில் தொடங்குகிறது. முதல் சுற்று சாதாரண வரிசையில் போய்ச் சுவர்களைப் பாருங்கள். இரண்டாவது சுற்றுக்கு சிங்கிள் ரைடர் வரிசை போதும், விரைவு டிக்கெட்டுக்குச் செலவழிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தீம் பார்க் வடிவமைப்பைத் தொடர்ந்து கவனித்துவரும் ஒரு வாசகர்