பிளேடு தீட்டினா மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குன்னூர்ல ஒரு கெஸ்ட் ஹவுஸ் புல்வெளிய நான்தான் பாத்துக்கிறேன். மழை சீசன்ல புல் மடமடன்னு வளருது, அதனால எல்லாரும் லான்மோவர் பிளேட வீட்டுலயே கிரைண்டர்ல தீட்டி அப்படியே மாட்டிடுறாங்க, ரெண்டு பக்கமும் சம எடையா இருக்கான்னு யாருமே பாக்குறதில்ல.

நானும் அப்படித்தான் செஞ்சேன் சார். ஒரு முனையில பல் விழுந்திருந்துச்சு, அத சரி பண்ண அந்தப் பக்கம் மட்டும் நிறைய தேச்சுட்டேன், மாட்டி ஸ்டார்ட் பண்ணா ஹேண்டில் பிடிச்ச கை மரத்துப்போற அளவுக்கு அதிர்வு, அப்புறம் போல்ட்டே லூசாயிடுச்சு. 21 இஞ்ச் பிளேடு நிமிஷத்துக்கு 3000 சுத்து சுத்தும்போது முனையில வெறும் 10 கிராம் வித்தியாசம் இருந்தாலே கிட்டத்தட்ட 25 கிலோ அளவுக்கு இழுக்கும், அது நேரா இன்ஜின்ல பிளேட சுத்த வைக்கிற கிராங்க் ஷாஃப்ட்டத்தான் பாதிக்கும்.

இத்தனைக்கும் செக் பண்றது ரொம்ப ஈஸி. சுவத்துல ஒரு ஆணி அடிச்சு நடு ஓட்டைய அதுல மாட்டி படுக்கைவாட்டுல விடுங்க, எந்தப் பக்கம் கீழ போகுதோ அதுதான் கனம். அந்தப் பக்கத்துல வெட்டுற வாய விட்டுட்டு பின்பக்க ஓரத்துல கொஞ்சம் கொஞ்சமா அரம் போட்டு மறுபடி மாட்டிப் பாக்கணும். தேய்க்கறப்போ இரும்பு நீலமாச்சுன்னா பதம் போயிடும், அதனால பொறுமையா தேய்ங்க. பெட்ரோல் மிஷினா இருந்தா கழட்டறதுக்கு முன்னாடியே ஸ்பார்க் பிளக் ஒயர எடுத்துடுங்க, இல்லேன்னா கைக்கு ஆபத்து.

தயவுசெஞ்சு இத போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், குன்னூர்