மாப்பிள்ளையை வீட்டுக்கே கூட்டி வா

அன்பு மகள் தாமரைக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று போனில் நீ கேட்ட கேள்விக்கு அரைகுறையாகப் பதில் சொல்லி உன்னைக் குழப்ப மனசில்லை. அதனால்தான் எழுதியே அனுப்புகிறேன். ரத்த அணுக்களை உண்டாக்கும் ஸ்டெம் செல்லை ஏற்றி முடித்ததும் மாப்பிள்ளை வீட்டிலேயே இருக்கலாம், நர்ஸ் வந்து பார்த்துக்கொள்வார் என்று டாக்டர்கள் சொன்னால், சரி என்று சொல்.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. வேலூரில் 1986லேயே எலும்பு மஜ்ஜை மாற்று தொடங்கிவிட்டார்கள். நான் வார்டில் வேலை பார்த்த காலத்தில் அந்த நோயாளிகளைத் தனி அறையில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வாரக்கணக்கில் வைத்திருப்போம். கீமோ கொடுத்துப் பழைய மஜ்ஜையை ஒழித்தபின், மாப்பிள்ளைக்கு அவர் தம்பி கொடுத்த செல்கள் வேர்பிடிக்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதுவரை கிருமியை எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோஃபில் 500க்குக் கீழேதான் கிடக்கும். அப்படிப்பட்டவரை வீட்டில் வைப்பதா என்று நீ கேட்பது நியாயம்.

ஆனால் அந்த நாட்களில் வரும் காய்ச்சலுக்குப் பல நேரம் காரணம் அவரவர் குடலிலும் வாயிலும் தோலிலும் ஏற்கெனவே இருக்கிற கிருமிதான். கண்ணாடிக் கதவு அதைத் தடுக்காது. மருந்துக்கு அடங்காத கிருமிகளோ வீட்டைவிட ஆஸ்பத்திரியில்தான் அதிகம். உங்கள் ஸ்வீடனில், ஸ்டாக்ஹோம் பக்கத்து ஹுடிங்கேயில் இருக்கும் கரோலின்ஸ்கா ஆஸ்பத்திரியில் 1998லேயே இதைத் தொடங்கினார்கள். ஒன்றிரண்டு மணி நேர கார் பயண தூரத்துக்குள் வீடு இருக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்த நிபந்தனை. கிஸ்டாவிலிருந்து உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. வீட்டிலிருந்த 36 பேரை ஆஸ்பத்திரியிலேயே தங்கியவர்களோடு ஒப்பிட்டு 2002ல் 'பிளட்' என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். வீட்டிலிருந்தவர்களுக்கு நரம்பு வழி ஊட்டம் குறைந்த நாட்களே தேவைப்பட்டது. புது செல்கள் உடம்பையே தாக்கும் ஜி.வி.எச்.டி.யும், சிகிச்சையால் நேர்ந்த மரணமும் குறைவாக இருந்தன. குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வில்லை அது, வீட்டுக்குப் போக விரும்பியவர்கள்தான் போனார்கள். அந்த அளவுக்குக் கழித்துக்கொண்டே நான் படிக்கிறேன். கழித்த பிறகும் வீடு ஆபத்து என்று சொல்ல எனக்கு அதில் எதுவும் தென்படவில்லை.

வீடு என்றதும் எல்லாம் உன் தலையில் விழும் என்று நினைக்காதே. இதை நீ நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். மஜ்ஜை வார்டில் பழகின நர்ஸ் தினமும் வருவார். ரத்தம் எடுப்பார், மருந்து ஏற்றப் பெரிய ரத்தக்குழாயில் வைத்திருக்கும் சென்ட்ரல் லைனைச் சுத்தம் செய்வார். டாக்டர் தினமும் போனில் பேசுவார். இடையிடையே ஆஸ்பத்திரிக்கும் போய்வர வேண்டியிருக்கும். படுக்கை தேவைப்பட்டால் உடனே சேர்த்துக்கொள்வார்களா என்று இப்போதே கேட்டுவை. நீ அவருக்குப் பெண்டாட்டி. நர்ஸ் வேலையை நர்ஸ் பார்க்கட்டும். நான் அந்த வேலையை ஆயுசெல்லாம் பார்த்தவள், சொந்த மனுஷனுக்கு அதைச் செய்வது எத்தனை கஷ்டம் என்று தெரிந்தே சொல்கிறேன்.

உன் பங்கு, பார்ப்பதும் சொல்வதும். காய்ச்சல் எவ்வளவு வந்தால் கூப்பிட வேண்டும் என்று எழுதி வாங்கு. 38 டிகிரி தாண்டினால் காலைவரை பொறுக்கலாம் என்ற பேச்சே கூடாது. கேட்காமல் பாரசிட்டமால் கொடுக்காதே, அது காய்ச்சலை மறைத்துவிடும். பொது மருத்துவ ஆலோசனை எண் 1177ல் வரிசையில் காத்திருக்காதே, வார்டு கொடுத்த நேரடி எண்ணை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவை. புது செல்கள் உடம்பைத் தாக்காமல் அடக்கும் மருந்தான சைக்ளோஸ்போரின் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்க்கிற நாளில், ரத்தம் எடுத்த பிறகுதான் காலை மாத்திரை.

இன்னொன்று. ஜி.வி.எச்.டி. தடிப்பு சிவப்பாக இருக்கும் என்று கையேட்டில் போட்டிருப்பார்கள். நம் நிறத்தில் சிவப்பு சட்டென்று தெரியாது. கருத்தாற்போல, ஊதாவாக, சொரசொரவென்று இருக்கும். உள்ளங்கை, பாதம், காது மடல், கழுத்து இங்கெல்லாம் தினமும் நல்ல வெளிச்சத்தில் பார், தொட்டும் பார். எரிகிறது, அரிக்கிறது என்றாலே நர்ஸிடம் காட்டு. வெள்ளைத் தோலையே பார்த்துப் பழகியவர்களுக்கு நீதான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும், தயங்காதே. வயிற்றுப்போக்கு, கண் மஞ்சள் கண்டாலும் அப்படியே நர்ஸிடம் சொல்.

சாப்பாட்டில் நம் சமையல் உனக்குத் துணை. ஆவி பறக்கும் இட்லி, குழைந்த சோறு, கொதித்த ரசம் எல்லாம் நல்லது. மிளகுத்தூளைக் கொதிக்கும்போதே போடு, இறக்கியபின் மேலே தூவாதே. பச்சைத் தேங்காய்ச் சட்னி, வீட்டில் உறை ஊற்றிய தயிர், பழையது, ஊறுகாய் எதுவும் அவர்கள் சரி சொல்லும்வரை வேண்டாம். கிரேப்ஃப்ரூட் பக்கமே போகாதே, சைக்ளோஸ்போரின் அளவை ஏற்றிவிடும். வாய்ப்புண் வந்தால் நாலு வாய்கூட இறங்காது. அந்த நாலு வாய்க்காகத்தான் வீடு. ஆஸ்பத்திரித் தட்டு வரும் நேரத்தில் பசிக்காது. வீட்டில் ராத்திரி பத்து மணிக்கு இரண்டு ஸ்பூன் கஞ்சி கேட்டாலும் நீ வைத்துக் கொடுப்பாய்.

ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு குறைந்தது தெரிந்ததும் ஊரிலிருந்து பப்பாளி இலைச் சாறு, நிலவேம்பு என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். ஒன்றையும் உள்ளே விடாதே. பெரியவர்களிடம் உன்னால் மறுத்துப் பேச முடியாவிட்டால் என் பேரைச் சொல், நான் பேசிக்கொள்கிறேன். பால்கனியிலிருந்து துளசித் தொட்டியை எடுத்து வைக்கும் வேலை பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு. மண்ணில் பூஞ்சை இருக்கும். சளி பிடித்தவர் யாரானாலும் வாசலோடு நிற்கட்டும்.

ஆபீஸில் லீவு கேட்கக் கூச்சப்படுகிறாய் என்று குரலிலேயே தெரிகிறது. கடும் நோயாளியைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள 100 நாள் வரை உதவித்தொகை தரும் சட்டம் உங்கள் நாட்டில் இருக்கிறது. உங்களுக்குக் கிடைக்குமா என்று விசாரித்து, டாக்டர் சான்றிதழுடன் எழுதிப் போடு. மொத்தத்தையும் முதல் மாதமே கரைத்துவிடாதே. செல் வேர்பிடித்த பிறகும் அவருக்கு மாசக்கணக்கில் அசதி இருக்கும். அப்போது நர்ஸ் வருவது நின்றிருக்கும், விசாரிக்கிற போன்களும் குறைந்திருக்கும், நீயும் ஓய்ந்திருப்பாய். அதனால்தான் முதலில் உன் அத்தை வரட்டும் என்கிறேன். அவங்க மகன், அவங்க கண்ணெதிரே இருக்கட்டும். அவங்க கிளம்புகிற வாரம் நான் வருகிறேன். விசாவுக்கு வேண்டிய அழைப்புக் கடிதத்தை மட்டும் இப்போதே அனுப்பிவிடு. அப்பாவை அண்ணன் வீட்டில் விட ஏற்பாடு பண்ணியாயிற்று.

வாரத்தில் ஒரு நாள் நீ வெளியே போய் நடந்துவிட்டு வர வேண்டும். அந்த நேரத்தில் வீட்டில் யார் இருப்பார்கள் என்று பேர் எழுதி எனக்கு அனுப்பு. மாப்பிள்ளையிடமும் கேள், அவருக்கு வீடு வேண்டுமா, வார்டா என்று. நம் இஷ்டம் அதற்குப் பிறகுதான். வார்டில்தான் தைரியமாக இருக்கும் என்று சொன்னால் அதுவும் சரியே, வற்புறுத்தாதே.

உனக்கு நள்ளிரவென்றால் இங்கே விடியற்காலை, நான் எழுந்திருப்பேன். முதலில் வார்டுக்குப் போன் போடு, அடுத்தது எனக்கு.

உன் அம்மா