ஆறு தாள்களில் ஒரே ரயில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதிவு செய்த ஓசைகளையும் மின்கருவி எழுப்பும் ஒலிகளையும் கொண்டு அமைக்கப்படும் மின்னொலி இசையைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, சுரக்குறிப்பு இல்லாத இசையை ரசிக்கலாமே தவிர ஆராய இயலாது என்று முடிந்திருந்தது. அதை என்னால் ஏற்க முடியவில்லை.

இத்துறையின் முன்னோடியான பியேர் ஷேஃபர், 1948இல் பாரிஸின் பத்தினோல் ரயில் நிலையத்தில் பதிவு செய்த எஞ்சின், பெட்டி ஓசைகளை இசைத்தட்டில் துண்டு துண்டாக எடுத்துத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டு, ஏறக்குறைய மூன்று நிமிடப் படைப்பாக்கி வானொலியில் ஒலிக்கச் செய்தார். ஓசை எதிலிருந்து எழுகிறது என்பதை மறந்து, அதன் தன்மையை மட்டும் கேட்க வேண்டும் என்பது அவர் பின்னாளில் வகுத்த கொள்கை.

மொரிஷியஸ் தீவின் ரோஸ் ஹில்லில் என்னிடம் இசை பயிலும் ஐந்து பிள்ளைகளுக்கும், பேத்தியை அழைத்துவந்த எண்பதை எட்டும் ஒரு தாத்தாவுக்கும் அந்த ரயில் படைப்பைப் போட்டுக்காட்டி, கேட்டதை நேரக்கோட்டின் மேல் வரையச் சொன்னேன். 2019இல் வந்த மெட்ரோவை மட்டுமே அறிந்த பிள்ளைகளில், தவில் பயில்பவன் ஓரிடத்தில் ‘தகதிமி’ என்று சொற்கட்டு எழுதினான். அதே இடத்தில் தாத்தா, “தண்டவாள இணைப்பு” என்று எழுதிப் பக்கத்தில் சிறு சிறு கோடுகள் கிழித்திருந்தார். இத்தீவில் பயணிகள் ரயில் 1956இல் நின்றுபோனது. ஆனாலும் ஷேஃபர் வலியுறுத்திய மறதி அவருக்கு வரவில்லை. இரண்டில் எதைத் தவறு என்பது? இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தபோதுதான், ஓசை தாளமாக மாறும் இடம் எனக்கே புலப்பட்டது.

நேரத்தைக் கிடையாகவும் அதிர்வெண்ணை மேல்நோக்கியும் காட்டும் ஒலி வரைபடம் இதற்குப் போதாதா என்று சிலர் கேட்கலாம். காதுக்கு ஒன்றாகக் கலந்து கேட்கும் இரண்டு ஒலிகளை அது பிரித்துக் காட்டும். எந்த ஒலி கேட்பவரை ஈர்க்கிறது என்பதை மட்டும் காட்டாது. ஆகவே இவ்விசைக்குப் பலர் கேட்டு எழுதிய குறிப்புகளை ஒப்பிடுவதே ஆராயும் முறை என்பது என் துணிபு.

ஒலிகளை வகைப்படுத்தும் சொற்களுக்காக ஷேஃபர் 1966இல் ஒரு பெருநூலே எழுத வேண்டியிருந்தது. கரகர, சலசல, கிணுகிணு, மடமட என்று ஓசையின் மேனியையே சொல்லிவிடும் இரட்டைக்கிளவிகள் நம் வாயில் இருக்க, நாம் ஏன் இதில் ஒதுங்கி நிற்க வேண்டும்? (பிள்ளைகள் இத்தீவின் பேச்சுமொழியான கிரியோலில் பேசிக்கொண்டே வரைந்தாலும், தாள்களில் இச்சொற்களே மிகுதி.)

தங்கள் இசைப் பகுதியில் மாதம் ஒரு படைப்பைக் குறிப்பிட்டு, வாசகர்கள் கேட்டு எழுதியவற்றை அருகருகே வெளியிட வேண்டுகிறேன். இசைவு தெரிவித்தால், தாத்தா நாட்காட்டித் தாளின் பின்புறம் பென்சிலால் வரைந்தது உட்பட எங்கள் ஆறு தாள்களையும் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் இசை ஆசிரியர்,
ரோஸ் ஹில், மொரிஷியஸ்