மாற்று குவார்ட்டர்பேக் இடத்தைக் கடைசியில் நிரப்பாதீர்கள்: என்எஃப்எல் பொது மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொது மேலாளர்களுக்கும் தலைமைப் பயிற்சியாளர்களுக்கும்,

வணக்கம். அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில் ஆகஸ்ட் கடைசியில் 90 வீரர்களை 53 ஆகக் குறைக்கிறீர்கள். அந்த நாள்களில், பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்கு மாற்று யார் என்பதைப் பல அணிகளில் மிச்சமிருக்கும் சம்பளப் பணமும், சீசனுக்கு முந்தைய மூன்று ஆட்டங்களும்தான் முடிவு செய்கின்றன. எங்கள் வேண்டுகோள் ஒன்றே. இரண்டாம் கால்பகுதியில் தேர்ட் டவுன் (பந்தை முன்னேற்றக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் மூன்றாவது), எட்டு கஜம் தேவை. அந்த வாரம் முதல் அணியோடு ஒரு பந்துகூட வீசாத மாற்று ஆள் உள்ளே போகிறார். மற்ற பத்துப் பேரும் தாங்கள் படித்த ஆட்டத்தையே தொடர முடியுமா? இதற்கு யார் பதிலோ அவரைத் தேர்ந்தெடுங்கள்.

கிளீவ்லாந்து பிரவுன்ஸ் 2023-இல் பட்ட பாட்டைப் பாருங்கள். சீசனுக்கு முந்தைய ஆட்டங்களில் ஐந்தாம் சுற்றில் எடுத்த புதியவர் டோரியன் தாம்ப்சன் ராபின்சன் நன்றாக ஆடினார். அனுபவமுள்ள ஜோஷ் டாப்ஸை ஆகஸ்டில் அரிசோனாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். அக்டோபர் 1 அன்று முதல் குவார்ட்டர்பேக் டிஷான் வாட்சன் தோள்பட்டைக் காயத்தால் ஆடவில்லை. புதியவர் பால்டிமோர் தற்காப்புக்கு எதிரே மூன்று இன்டர்செப்ஷன் (வீசிய பந்தை எதிரணி பிடித்துக்கொள்வது) கொடுத்தார், 28-3 தோல்வி. ஆகஸ்ட் ஆட்டங்களில் எதிரணிகள் பிளிட்ஸை (குவார்ட்டர்பேக்கை நோக்கிக் கூடுதல் ஆட்கள் பாய்வதை) மறைப்பதில்லை, ஸ்நாப்புக்குப் (சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கும் கணம்) பிறகு கவரேஜை, அதாவது பந்து பிடிப்பவர்களை மறிக்கும் ஏற்பாட்டை, மாற்றுவதும் குறைவு. எதிரே நிற்பவர்களில் பாதிப் பேர் செப்டம்பரில் அணியிலேயே இருக்க மாட்டார்கள். அங்கே கிடைக்கும் எண்களை வைத்து அக்டோபரைக் கணிக்கவே முடியாது.

அதே அணி நவம்பரில் 38 வயது ஜோ ஃபிளாக்கோவைக் கூப்பிட்டது. ஐந்து ஆட்டங்களில் நான்கு வெற்றி, பிளேஆஃப் (நாக்அவுட் சுற்று) இடம். பிளேஆஃபில் ஹூஸ்டனிடம் 45-14 என்று தோற்றார்கள் என்பதும் உண்மை. ஆனால் அவர் வந்தவுடன் ஆடியதற்கு வயதைவிட முக்கியமான காரணம் உண்டு. அணியின் அப்போதைய தலைமைப் பயிற்சியாளர் கெவின் ஸ்டெஃபான்ஸ்கியின் ஆட்டமுறை, பயிற்சியாளர் கேரி குபியாக்கின் பள்ளியைச் சேர்ந்தது. ஃபிளாக்கோ 2014-இல் பால்டிமோரில் குபியாக்கிடமே ஆடியவர். வயதை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2011 இண்டியானாபொலிஸ் இருக்கிறது. முதல் குவார்ட்டர்பேக் பெய்ட்டன் மேனிங்கின் கழுத்து தேறாத நிலையில், ஓய்வு அறிவித்திருந்த 38 வயது கெரி காலின்ஸை ஆகஸ்ட் பிற்பகுதியில் கொண்டுவந்தார்கள். மேனிங் ஸ்நாப்புக்கு முன் தானே அமைத்துக்கொள்ளும் ஆட்டத்தை இரண்டு வாரத்தில் யாராலும் கற்க முடியாது. அந்த ஆண்டு 2-14.

2024-இல் மயாமிக்கும் இதே கதி. இடக்கையால் சட்டென்று பந்தை விடுவிக்கும் டுவா டாகோவைலோவாவின் வேகத்துக்கு அமைந்த தாக்குதல், அவர் மூளை அதிர்ச்சியால் விலகியதும் நின்றுபோனது. அடுத்த இரு ஆட்டங்களில் எடுத்தது 3 புள்ளி, 12 புள்ளி. வலக்கை ஆள் வந்தால் பந்தின் சுழற்சி மாறும்; குவார்ட்டர்பேக்கின் முதுகுப்புறத்தைக் காக்கும் வேலை வலது டேக்கிளிடமிருந்து (காக்கும் முன்வரிசையின் ஓர வீரர்) இடது டேக்கிளுக்குப் போகும்.

ஆகவே தேர்வை ஜூன் மாதமே தொடங்குங்கள். திங்கள்கிழமை 25 ஆட்டங்களை (ஒரு ஸ்நாப்புக்கு ஒன்றாக வகுத்த திட்டங்களை) கொடுத்து, புதன்கிழமை அவரையே பலகையில் வரைந்து விளக்கச் சொல்லுங்கள். குவார்ட்டர்பேக்கைக் காக்கும் அமைப்பை முதலில் சொல்கிறாரா, பந்து பிடிக்கும் ரிசீவரின் ஓட்டத்தை முதலில் சொல்கிறாரா என்று கவனியுங்கள். முதலாமவர்தான் உங்களுக்கு வேண்டியவர். குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட் வானொலியில் பயிற்சியாளரின் குரல், ஆட்டக் கடிகாரத்தில் 15 வினாடி இருக்கும்போது அறுந்துவிடும். பிறகு எதிரணித் தற்காப்பின் நடுவில் நிற்கும் மைக் லைன்பேக்கர் யார் என்று காட்டுவதும், தன்னைக் காக்கும் முன்வரிசையான லைனை எந்தப் பக்கம் திருப்புவது என்பதும் அவர் தலையில். டாப்ஸ் மின்னசோட்டாவுக்கு வந்த ஐந்தாம் நாளே அட்லாண்டாவை 31-28 என்று வென்றாரே என்று கேட்பீர்கள். அந்த அணியின் தலைமைப் பயிற்சியாளர் கெவின் ஓ'கானெல் அந்த வானொலியில் ஒவ்வொரு ஆட்டத்தையும் பிரித்துச் சொல்லிக்கொண்டே வந்தார். அது அதிசயம், திட்டமாக எடுத்துக்கொள்ள முடியாது.

பந்தையும் மறக்காதீர்கள். காற்றழுத்தம் 12.5 முதல் 13.5 பிஎஸ்ஐ வரை இருக்கலாம். தோலைத் தேய்த்துப் பதப்படுத்துவது முதல் குவார்ட்டர்பேக்கின் விரலுக்கு ஏற்றபடி. ஆட்டத்தில் மாற்று ஆளுக்கும் அதே பந்துதான். வாரம் முழுக்க வேறு பந்தில் வீசியவர் நனைந்த பந்தை முதல் ஸ்நாப்பிலேயே நழுவவிடுவார். முதல் சென்டருடன் வாரம் இருமுறை, ஈரப்பந்தில் இருபது ஸ்நாப் எடுக்கச் சொல்லுங்கள். ஸ்நாப்புக்கு அவர் குரல் கொடுக்கும் தாளம் பழகாவிட்டால் லைனே முன்கூட்டி அசைந்து ஐந்து கஜம் தண்டனை வாங்கும்.

மாற்று ஆளின் வாரம் எதிரணியைப் போல ஆடிக்காட்டுவதிலேயே கழிகிறது. தன் சொந்த ஆட்டத்தை அவர் ஓடிப்பார்ப்பதே இல்லை. வியாழக்கிழமை தேர்ட் டவுன் பயிற்சியில் பத்து ஸ்நாப்பாவது முதல் அணியோடு கொடுங்கள். அவருக்கென்று 20 ஆட்டங்கள் உள்ள தனி அட்டையும் இருக்கட்டும். ஃபிலடெல்பியா 2017-இல் இது போன்ற ஒன்றைத்தான் செய்தது. டிசம்பரில் முதல் குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸின் முழங்கால் தசைநார் கிழிந்தது. மாற்று ஆள் நிக் ஃபோல்ஸ் கடைசி இரு ஆட்டங்களில் தடுமாறினார். பிளேஆஃபுக்கு முன் கிடைத்த இடைவெளியில் தலைமைப் பயிற்சியாளர் டக் பீடர்சனும் தாக்குதல் பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக்கும் ஃபோல்ஸின் பழைய ஆட்டப்பதிவுகளைப் பார்த்து, அவருக்குக் கைவந்த ஓட்ட-வீச்சுத் தேர்வு ஆட்டங்களை (ஓட்டமா வீச்சா என்று அந்த நொடியில் முடிவு செய்பவை) கூட்டினார்கள். இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் 373 கஜம், 41-33 வெற்றி. ரைக்கே பஃபலோவில் ஜிம் கெல்லிக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கில் மாற்று ஆளாக இருந்தவர். என்ன தேவை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கடைசியாக மூன்றாமவர். 2023 ஜனவரி 29 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவின் பிராக் பர்டிக்கு முழங்கையும், மாற்று ஆள் ஜோஷ் ஜான்சனுக்குத் தலையும் அடிபட, வீச முடியாத கையோடு பர்டியே திரும்ப வந்து 31-7 என்று தோற்றார்கள். அதன் பிறகே அவசர மூன்றாம் குவார்ட்டர்பேக் விதி திரும்ப வந்தது. முதல் இருவரும் காயத்தாலோ வெளியேற்றப்பட்டோ விலகினால் மட்டுமே அவர் இறங்கலாம்; ஆட்டநாள் எண்ணிக்கையில் அவர் சேரமாட்டார். இளம் வீரரை வளர்க்க வேண்டுமென்றால் இந்த இடத்தில் வளர்த்தெடுங்கள். இரண்டாம் இடத்தில், நாளை மதியமே ஆடத் தெரிந்தவர் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஆட்டங்களை ஸ்நாப் ஸ்நாப்பாகப் பார்க்கும் தமிழ் ரசிகர்கள்